ஆறுமுகத்தாய் மேல வந்தது

தாராவி,
20-5-86

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி ஆறுமுகத்தாய் எழுதுதேன். இங்க நானும் மக செல்லக்கனியும் ஏதோ இருக்கோம். செல்லக்கனி அப்பாவுக்குத்தான் இடுப்பு வலி விட்டபாடில்ல, மூட்டை தூக்கித் தூக்கி ஆளு பாதியாயிட்டாவ. மதினிக்கு இழுப்பு எப்படி இருக்கு? மூத்தவன் பரீட்சை நல்லா எழுதியிருக்கானா?

அண்ணே, ஒரு காரியம் நடந்துபோச்சு. வேற எவனும் ஒங்களுக்கு இல்லாததும் பொல்லாததும் எழுதுறதுக்கு முன்னால நானே சொல்லிருதேன்.

போன செவ்வாக்கிழமை இங்க நம்ம பேராச்சியம்மனுக்குக் கொடைத் திருவிழா. நம்ம தெருக்காரவிய வரி போட்டு கல்லிங்கிற இந்தச் சந்துக்குள்ள கட்டுன கோயில்தான், நீங்க ஊர்ல இருந்து பிடிமண் எடுத்துக் குடுத்தியள்லா, அதே கோயிலு. விடியமுன்ன எந்திரிச்சு கிங்ஸ் சர்க்கிள் போயி பூ வாங்கியாந்து, பொங்கலுக்கு அரிசி களைஞ்சு, மத்தியானக் கொடைக்கு நிக்கவே தெம்பில்ல எனக்கு. பொம்பளையளுக்குக் கயிறு கட்டியிருந்த எடத்துல, பின்னால சுவத்துல சாஞ்சு நின்னேன். மேளக்காரன் அடிச்சான். அம்புட்டுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் செல்லக்கனி சொல்லித்தான் கேட்டேன்.

எம்மேல அம்மன் வந்துட்டாளாம். கயித்தைத் தாண்டிப் போயி, பூசாரி கையில இருந்த திருநீத்துக் கொப்பரையைப் பிடுங்கிட்டு, நேரா கல்லி முனைக்கு நடந்தேனாம். அங்க பஞ்சு நின்னுக்கிட்டு இருந்தா. நம்மூர்க் கீழத்தெருப் பிள்ளை. எங்கூட ஷாகுல் ஹமீது பாய் பட்டறையில தோல்பைக்குப் பசை தடவுறவ. ஏழு மாசம் அவளுக்கு. பேராச்சி பிள்ளைத்தாச்சிக்குக் காவல் நிக்கிறவள்லா, துளி திருநீறு கிடைச்சா நல்லதுன்னு எட்டத்துல நின்னிருக்கா. கீழத்தெரு கோயில்கிட்ட வரக்கூடாதுங்கிற சட்டத்தை நம்ம ஆளுக ரயில்ல ஏத்தி இங்கயும் கொண்டாந்திருக்காவளே. அவ வயித்துல திருநீத்தை அள்ளிப் பூசி, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, பீடத்துக்கு முன்னால உக்கார வச்சு, கமிட்டித் தலைவர் பிரம்மநாயகம் சட்டையைப் பிடிச்சு, "எம்பிள்ளையை எதுக்குல வெளிய நிப்பாட்டுன?"ன்னு உலுக்கிட்டேனாம்.

இப்ப கமிட்டியில ஒரே பேச்சு. வந்தது அம்மன்னா, அவ சொன்ன சொல்லை யாரும் மாத்த முடியாது, கீழத்தெருவுக்குக் கோயிலு தொறந்தாச்சு. அம்மன் இல்ல, நானாத்தான் செஞ்சேன்னா, எங்க வீட்டைத் தள்ளி வச்சிருவாவ. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் எங்க படி ஏற மாட்டாவ, செல்லக்கனிக்குப் பேசி வச்ச சம்பந்தமும் போச்சு. ஊர்ல அம்மனுக்கு இடுப்புல சல்லடம் கட்டி ஆடுற சாமியாடி நீங்கதான, அதனால ஒங்களைக் கேட்டு முடிவு பண்ணுவோம்னு தலைவர் சொல்லியிருக்காரு. ஒங்க வாயில இருந்து ஒரு சொல்லு போதும்ண்ணே.

எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க.

ஆறுமுகத்தாய்


ஆலடிக்குறிச்சி,
6-6-86

தங்கச்சி ஆறுமுகத்தாய்க்கு அண்ணன் பூதத்தான் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மதினிக்கு ராத்திரி மட்டும் இழுக்குது. மாப்பிள்ளை இடுப்புக்கு விளக்கெண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்.

உன் கடுதாசி படிச்சு மனசு சரியில்ல. நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அன்னைக்கு நீ ஏதாவது சாப்பிட்டிருந்தியா? வெறும் வயிறும் வெயிலும் சேர்ந்தா தலை கிறுகிறுத்து அப்படித்தான் வரும். அப்புறம், தலைக்குக் குளிச்சு சுத்தபத்தமாத்தான் இருந்தியா? உன் மதினியும் உன்னைக் கேக்கச் சொன்னா.

தாலி கட்டிப் போன பொம்பளைக்குப் புருசன் வீட்டு சாமிதான் சாமி. பொறந்த வீட்டு சாமி ஒரு பொம்பளை மேல இறங்குச்சுன்னு நம்ம வம்சத்துல இதுவரைக்கும் கேட்டதில்ல. அப்பா, அவருக்கு அப்பா, அதுக்கு மேல உள்ளவங்க எல்லாம் ஆம்பளை வழியாத்தான் சல்லடம் வாங்கியிருக்காங்க. இதெல்லாம் ஆதியில இருந்து பெரியவங்க யோசிச்சு வச்ச முறை. நீயும் நானும் மாத்த முடியுமா?

தலைவர் கடுதாசி இன்னும் வரல. வந்தால் யோசிச்சு எழுதுறேன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகூட ரொம்பப் பேச்சு வச்சுக்கிடாத.

பூதத்தான்


தாராவி,
17-6-86

அண்ணனுக்கு,

சுகம்தான். எண்ணெய் தேய்ச்சுப் பாத்தாச்சு, கேக்கல. மழை தொடங்கிட்டு, கல்லியெல்லாம் முழங்கால் தண்ணி.

ரெண்டு இட்லி சாப்பிட்டேன். தீட்டு இல்ல. போதுமா? சுத்தி வளைச்சுக் கேக்கதுக்கு மதினியை எதுக்கு இழுக்கிய? நீங்க சல்லடம் கட்டும்போது என்ன சாப்பிட்டியன்னு எவனாவது கேட்டிருக்கானா?

நான் என்ன, வா தாயேன்னு கூப்பிட்டா இருந்தேன்? எனக்கு அம்மனும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். மறுநாள் ஒடம்பு அடிச்சுப்போட்ட கணக்கா இருந்துது. அந்த ஒடம்போடதான் பட்டறைக்குப் போயி பசை தடவுனேன். ஒரு நாள் சுட்டி, அதான் லீவு, போட முடியுதா இங்க? அந்தப் பிள்ளைகூடப் பேசாதன்னு எழுதுதிய. நாங்க ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல பசை எடுக்கோம், ஒரே தோலைத் தொடுதோம், ஒரே நாத்தத்தோட வீட்டுக்குப் போறோம். தலைவர் பிரம்மநாயகம் விக்கிறதும் அதே தோலுதான். பஞ்சு பாவம், "அக்கா, என்னாலதான உனக்கு இம்புட்டுக் கஷ்டம்"னு அழுதுக்கிட்டே இருக்கா. பிள்ளைத்தாச்சியை அழ விடலாமா?

இன்னொண்ணு. மூணு வருசத்துக்கு முன்னால ஊர்க் கொடைக்கு வந்தேன்லா. நீங்க ஆடும்போது நான் முன்வரிசையிலதான் நின்னேன். முள்ளு கிடந்த எடத்தைப் பாத்துப் பாத்து விலகிக் காலை வச்சிய. சல்லடம் நழுவுனப்ப ஒரு கையால பிடிச்சு மேல ஏத்திக்கிட்டிய. நான் யாருகிட்டயும் மூச்சு விடல, இனியும் விடமாட்டேன். ஆனா எனக்குத் தெரியும்கிறது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

தலைவர் ஒங்களுக்கு எழுதிட்டாராம். நடந்தது என்னன்னு மட்டும் எழுதிப் போடுங்கண்ணே.

ஆறுமுகத்தாய்


ஆலடிக்குறிச்சி,
12-7-86

தங்கச்சிக்கு,

ஆண்டவன் கிருபையில நலம். உங்க எல்லாருடைய நலத்துக்கும் எழுதணும். கடுதாசி கிடைச்சது. முழுசாப் படிச்சேன். இங்கே மழையே இல்ல, கிணத்துல தண்ணி கீழ போயிட்டு.

தலைவர் பிரம்மநாயகம் எழுதியிருந்தாரு. நானும் பதில் போட்டுட்டேன். ரெண்டு பக்கமும் கெடாம ஒரு வழி பாத்திருக்கேன், பதறாம கேளு.

நீயாத்தான் செஞ்சேன்னு எழுதினா உன் குடும்பம் கெட்டுப்போகும். அம்மன்தான்னு எழுதினா இங்கே என் நிலைமை என்ன ஆகும்னு நீ யோசிச்சுப் பாத்தியா? சாமியாடி இங்கே இருக்கும்போது கட்டிக்கொடுத்த தங்கச்சி மேல எதுக்கு அம்மன் போறான்னு நாலு பேர் கேப்பான். பதில் சொல்ல முடியுமா? எனக்குப் பிறகு சல்லடம் மூத்தவனுக்கு வரணும். அதுவும் போக, கீழத்தெருவுக்குக் கோயில் தொறக்க என் வாயால சொன்னேன்னு தெரிஞ்சா என்னை ஊர்ல வச்சிருப்பாங்களா?

அதனால உம்மேல வந்தது பேய்னு எழுதிட்டேன். தோல் பட்டறையில ஒண்டிக் கிடந்த ஏதோ ஒரு அலைஞ்ச ஆவி, அம்மன் மாதிரி வேசம் போட்டு ஏமாத்திருக்குன்னு. பேய் செஞ்சதுக்கு உன்னை யாரும் குத்தம் சொல்ல முடியாது பாரு. கோடாங்கியைக் கூட்டி ஓட்டிட்டா முடிஞ்சது. சும்மா பேருக்கு ரெண்டு வேப்பங்குழை அடி. கொஞ்சம் பொறுத்துக்க. செல்லக்கனி கல்யாணமும் தடையில்லாம நடக்கும்.

அண்ணன் உன் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கேன்.

பூதத்தான்


ஆலடிக்குறிச்சி,
30-8-86

தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். ஒன்றரை மாசமா உங்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. கோவமா? மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா? தபால்காரன் வரும்போதெல்லாம் உன் மதினி வாசலுக்குப் போய்ப் பாத்துட்டு வாரா.

ஆவணிக் கொடை நல்லபடியா முடிஞ்சது. அம்மன் இந்த வருசம் ரொம்ப உக்கிரமா இறங்குனான்னு ஊரே பேசுது. மூத்தவனும் பக்கத்துல நின்னு எல்லாம் பாத்துக்கிட்டான்.

உனக்குன்னு திருநீறு மடிச்சு இத்தோட வச்சிருக்கேன். அங்கே எல்லாம் சுமுகமா முடிஞ்சிருக்கும்னு நினைக்கேன். உடனே பதில் போடு.

பூதத்தான்


தாராவி,
21-9-86

அண்ணனுக்கு,

இருக்கோம். நீங்க எல்லாரும் நல்லா இருங்க. திருநீறு கிடைச்சது. வலது கை முட்டி வீங்கிக் கிடந்தது, பேனா பிடிக்க முடியல. அதான் எழுதல. கோவமெல்லாம் இல்ல, அதுக்கு ஏது தெம்பு.

ஆடி முதல் வெள்ளிக்குச் செம்பூர்ல இருந்து கோடாங்கியைக் கூட்டியாந்தாவ. கோயிலுக்கு முன்னால, மே மாசம் பஞ்சுவை உக்கார வச்ச அதே எடத்துல என்னை உக்கார வச்சாவ. தலைமுடியை அவுத்து விட்டுட்டாவ. செல்லக்கனி அப்பாதான் ரெண்டு கையையும் பின்னால பிடிச்சுக்கிட்டாவ.

நீ யாரு, ஒம்பேரு என்னன்னு கேட்டான். பேராச்சின்னேன். அடிச்சான். வேப்பங்குழைன்னு எழுதியிருந்திய, குழை தீந்துபோச்சுன்னா கம்பு இருக்கும்லா. மறுபடி கேட்டான். பேராச்சின்னுதான் வாயில வந்துது. பேயி அம்மன் பேரைச் சொல்லி ஏமாத்துது, விடாதன்னாரு தலைவர். செல்லக்கனி ஹிந்தியில கத்துனா, போலீசைக் கூப்பிடுவேன்னு. அவளைப் பொம்பளையளே வாயைப் பொத்தி வீட்டுக்குள்ள தள்ளிட்டாவ.

செத்தவ எவளாவது ஒருத்தி பேரைச் சொன்னாத்தான் விடுவான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யோசிச்சேண்ணே. ஊர்ல எத்தனையோ பேரு செத்திருக்காவ, அந்த நேரம் பாத்து ஒரு பேரும் வரல. அம்மா பேருதான் வந்துது. பூலம்மான்னு சொல்லிட்டேன்.

உடனே எல்லாருக்கும் திருப்தியாயிட்டு. பூதத்தானைப் பெத்தவ, மூணாவது பிள்ளையை வயித்துல வச்சுக்கிட்டே ரெண்டு உசுரா போனவ, அதான் பிள்ளைத்தாச்சியைத் தேடி அலையுதான்னு அவனவன் கணக்குப் போட்டுச் சொல்லிக்கிட்டான். கோடாங்கிக்கு ஒரே சந்தோசம். ஓடுறியா ஓடுறியான்னு அம்மா பேரைச் சொல்லிச் சொல்லி அடிச்சான். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன், எம்பிள்ளைகளைத் திரும்பிப் பாக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்குனாவ. அவளுக்குப் பதிலா நான்தான் சத்தியம் பண்ணுனேன். அப்புறம் எம்முடியில ஒரு கொத்தை அறுத்துட்டுப் போயி, மாஹிம் பக்கத்துல ஒரு அரசமரத்துல வச்சு ஆணி அடிச்சிட்டு வந்தாவ.

நீங்க அம்மாவுக்கு ஊர் எல்லையில சுமைதாங்கிக் கல்லு நட்டு வருசாவருசம் மாலை போடுதிய. விரட்டுன பிறகு போடலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. சாமியாடி நீங்க, ஒங்களுக்குத்தான் முறை தெரியும்.

ஆறுமுகத்தாய்


தாராவி,
14-11-86

அண்ணனுக்கு,

தீவாளி நல்லா நடந்துதா? இங்க ஒண்ணும் பண்ணல. ஒங்ககிட்ட இருந்து பதில் வரல. வரும்னு பாத்துட்டு நானே எழுதுதேன். மதினி சொகமா இருக்காளா, அதையாவது மூத்தவனை விட்டு எழுதச் சொல்லுங்க.

செல்லக்கனி சம்பந்தம் நின்னுபோச்சு. பேய் பிடிச்ச வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லி விட்டுட்டாவ. கமிட்டி எங்களைத் தள்ளி வைக்கல, அதுல ஒங்க வாக்கு பலிச்சுது. ஆனா நான் எதுக்கால வந்தா பொம்பளைய பிள்ளைகளைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிடுதாவ. நான் கோயில் பக்கம் போகக்கூடாதாம். செல்லக்கனி, சம்பந்தம் நின்னது நல்லதாப் போச்சுங்கா. அந்த மாப்பிள்ளை மூஞ்சியே அவளுக்குப் பிடிக்கலயாம். அவ சொல்லுதது எனக்காகவா, நெசமான்னு தெரியல.

பஞ்சுவுக்குப் பொம்பளப் பிள்ளை. ஆடிக் கடைசியில பெத்தா. பேராச்சின்னு பேரு வச்சுட்டா. நம்ம சாமி பேரை நீ எப்படி வைக்கலாம்னு கமிட்டியில ஆள் விட்டுக் கேட்டாவளாம். என் வயித்துல திருநீறு பூசினவ பேரை வைக்க எவனைக் கேக்கணும்னு இவ கேட்டிருக்கா. அவளுக்கு இப்ப வாயி வந்துட்டு. எனக்குத்தான் போயிட்டு.

அண்ணே, நான் ஒங்களைக் குத்தம் சொல்லி எழுதல. எழுதுங்க.

ஆறுமுகத்தாய்


ஆலடிக்குறிச்சி,
9-2-87

தங்கச்சி ஆறுமுகத்தாய்க்கு,

நலமா இருக்கியா? மாப்பிள்ளையும் செல்லக்கனியும் நலமா? இங்கே உன் மதினிக்குத் தேவலை. எனக்குத்தான் ராத்திரி உறக்கம் இல்ல, சாப்பாடும் இறங்கல. டாக்டர் ஒண்ணும் இல்லைங்காரு.

உன் ரெண்டு கடுதாசியும் தலைமாட்டுலதான் இருக்கு. பதில் எழுத எத்தனையோ தடவை உக்காந்தேன்.

பொங்கலுக்கு அம்மா கல்லுக்கு மாலை வாங்கிட்டுப் போனேன். பக்கத்துல போக முடியல. ஒரு ஆள் தூரத்துல நின்னுட்டு, மாலையை வரப்புல வச்சிட்டு வந்துட்டேன். யாரோ ஆடு மேய்க்கிறவன் என்ன அண்ணாச்சின்னு கேட்டான். வெயிலுன்னு சொன்னேன்.

நீ அந்த முள்ளைப் பத்தி எழுதியிருந்தியே. அப்பா இருந்த வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்ல. அவர் கையால சல்லடம் வாங்கும்போது பதினெட்டு வயசு. மேளம் அடிச்சா வரும்னாரு. என்னத்தைச் சொல்ல, விடு.

உங்கிட்ட ஒண்ணு கேக்கேன். சித்திரையில அங்கே கொடை வரும். மேளம் அடிச்சா அவ வருவா. உம்மேல வருவா, எனக்குத் தெரியும். வந்தா செல்லக்கனியைப் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு. பூதத்தான் மேல உனக்குக் கோவமான்னு மட்டும் கேக்கச் சொல்லு. என்ன சொல்லுதாளோ அப்படியே எழுதிப் போடு. திட்டினாலும் திட்டினபடியே எழுது.

இதை உன்னோட வச்சுக்க. தலைவருக்கு நான் எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அதை இனி மாத்த முடியாது, மூத்தவன் வாழ்க்கை இருக்கு.

ஒடம்பைப் பாத்துக்க.

அண்ணன் பூதத்தான்


தாராவி,
24-5-87

அண்ணனுக்கு,

ஒங்க கடுதாசி அப்பவே கிடைச்சுது. கொடை முடியட்டும்னுதான் எழுதாம இருந்தேன். உறக்கம் வரலன்னு எழுதியிருந்திய, ராத்திரிக்குப் பால் குடிச்சிட்டுப் படுங்க. செல்லக்கனி அப்பா இப்ப மூட்டை தூக்கப் போகல. பாய் பாவம் பாத்து பட்டறையில காவலுக்கு உக்கார வச்சிருக்காரு.

கொடைக்கு நான் போகல, போகவும் விடமாட்டாவ. கோலியிலதான், எங்க ஒத்த ரூமுக்குள்ள இருந்தேன். ஆனா கல்லி எம்புட்டு அகலம்னு ஒங்களுக்குத் தெரியாது. மேளம் நம்ம தகரச் சுவத்துல வந்துதான் விழும். ஒங்க கடுதாசியை முதல்லயே செல்லக்கனிக்குப் படிச்சுக் காட்டியிருந்தேன், அவளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. மாமாவுக்கு வேணும்னா மாமாவே ரயிலேறி வந்து கேக்கட்டும்னு கத்துனா. அப்புறம் அவளா வந்து கதவைச் சாத்திட்டு எம்பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

உச்சிக் கொடைக்கு மேளம் ஏறுச்சு. கால் பெருவிரல்ல இருந்து வந்துது. போன வருசம் ஒண்ணும் தெரியல, இந்தத் தடவை வாரது நல்லாவே தெரிஞ்சுது. எனக்குப் பயமாயிட்டுண்ணே. சத்தம் வெளிய கேட்டா மறுபடியும் கோடாங்கி, மறுபடியும் கம்பு, மறுபடியும் எவ பேரைச் சொல்ல? எனக்கு இனிமே அடி வாங்க முடியாது. அவிய பழைய வேட்டியைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டேன். செல்லக்கனி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அதுக்குப் பிறகு எனக்கு நினைவில்ல.

ரொம்ப நேரம் இருந்தாளாம். நீங்க சொன்னபடியே செல்லக்கனி காதுகிட்ட வந்து, "தாயே, எங்க மாமா பூதத்தான் கேக்காவ, அவிய மேல உனக்குக் கோவமா?"ன்னு கேட்டிருக்கா. நான் தலையைத் தூக்கி அவளைப் பாத்தேனாம். கண்ணுல தண்ணி ஊத்துச்சாம். பாத்துக்கிட்டே என்னமோ சொன்னேனாம். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப அதையே சொன்னேனாம். துணியை எடுத்துருவோம்னு அவ கையைக் கொண்டாந்திருக்கா. அந்த நேரம் சுவத்துக்கு அந்தப் பக்கம் தலைவர் பேச்சுச் சத்தம் கேட்டிருக்கு. எடுக்காம இன்னும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு நாளா அழுதா பிள்ளை. நான்தான், நீ சரியாத்தான் செஞ்சன்னு தேத்துனேன்.

மேளம் நின்ன பிறகு எந்திரிச்சு உலை வச்சேன்.

அவ ஒங்களுக்குப் பதில் சொல்லத்தான் செஞ்சா. வாயில துணி இருந்ததுனால என்ன சொன்னான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியலண்ணே.

மதினியைக் கேட்டதாச் சொல்லுங்க.

ஆறுமுகத்தாய்